மாயாண்டி வாயால் ஒரு வார்த்தை

பஞ்சாலைக்கு மன்னிக்கத் தெரியாது. மலாயாவில் லிங்கி ஆற்றை ஒட்டியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவளைப் பற்றி நாலு பேர் பேசினால் நாலு பேரும் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள். சொன்ன யாருடைய தலைமுடியையும் ஊர் கூடி அறுத்ததில்லை. வலி அறுபட்டவளுக்குத்தானே தெரியும்.

அவள் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கும் காய்ச்சலுமாக அப்பனையும் ஆத்தாளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தாள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. வெள்ளைக்காரன் திரும்பி வந்து மரம் சீவ ஆள் எடுத்தபோது கத்தியும் வாளியுமாகப் போய் நின்றாள். பக்கத்து நிரையில் சீவிக்கொண்டிருந்தவன் நல்லசாமி. பட்டையை மெல்லிசாக எடுப்பான், மரத்தில் காயம் படாது. வாய் பேசுவதும் அப்படித்தான், அளவாக. "ஒன் மரத்துல பால் வடிஞ்சி நின்னுடுச்சி புள்ள, எடுத்துடு" என்பதற்கு மேல் அவன் ஆசை வார்த்தை எதுவும் பேசியதாக அவளுக்கு நினைவில்லை. அதிலேயே கல்யாணம் வரை வந்துவிட்டார்கள்.

பிள்ளை பிறக்கவில்லை. அது பெண்ணின் குற்றம் என்று உலகம் தீர்ப்பு எழுதி வெகுகாலம் ஆகிறது. நல்லசாமி மட்டும் அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லை. "இருந்தா இருக்கட்டும், இல்லாட்டி போவட்டும்" என்று அவள் அவித்த கிழங்கைத் தின்றுகொண்டே சொல்வான். அந்த ஒரு சொல்லுக்காக அவனுக்கு எதையும் செய்யலாம் என்று பஞ்சாலை நினைத்தாள்.

நல்லசாமிக்கு ஒரு பெரியப்பா மகன் இருந்தான். மாயாண்டி என்று பேர். தோட்டத்து மண்டோர் அவன், கூலிக்காரர்களை மேய்க்கிற கங்காணி. விடியலில் தொழிலாளிகளை நிறுத்திப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் அவன் தொண்டையைச் செருமினால் குழந்தைகூட அழுகையை நிறுத்தும். வாலிபத்தில் அண்ணனும் தம்பியும் கூட்டாளிகள். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத்து இளவட்டங்கள் நாலைந்து பேரைத் திரட்டிக்கொண்டு சிரம்பான் டவுனுக்குப் போவான் மாயாண்டி. அங்கே ஒரு மாடி வீடு. அங்கே என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சிரித்துக்கொள்வார்கள். கல்யாணம் ஆனபின் நல்லசாமி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. மாயாண்டி நிறுத்தவில்லை.

அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போனார்கள், அவர்களைப் பட்டினி போடுவதற்காகத் தோட்டத்து ஜனங்களைக் கம்பிவேலிக்குள் போட்டார்கள். மூலைக்கு ஒன்றாகக் கிடந்த லயங்களை, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளை, பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி இழுத்து, ஒரு கேட்டு வைத்து, அதில் போலீசை நிறுத்தினார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது ஆணையும் பெண்ணையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது. போனால் காட்டுக்காரனுக்குத்தான் போகிறது என்று சட்டம்.

அந்த நாட்களில்தான் நல்லசாமிக்குக் கை தவறத் தொடங்கியது. மரத்தில் காயம் போட்டான். ஒரே மரத்தை இரண்டு தடவை சீவினான். பத்து வருஷமாக நடந்த நிரையில் வழி தெரியாமல் நின்றான். பஞ்சாலை தன் மரங்களை முடித்துவிட்டு ஓடி வந்து அவன் மரங்களையும் சீவினாள். பிறகு நாக்கு குழறியது. காரணம் இல்லாமல் சிரித்தான். யாரோ காதுக்குள் கட்டளை போடுவதாகச் சொன்னான். ஒரு நாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "இந்த எஸ்டேட்டு என்னது. தொரை என்கிட்டதான் கூலிக்கு நிக்கிறான்" என்று பிரட்டுக் களத்தில் அறிவித்தான். அளந்து பேசுகிறவன் அப்படிப் பேசியதும் தோட்டம் முதலில் சிரித்தது. பிறகு காரணம் தேடியது.

காரணம் தேட மாயாண்டி வெகுதூரம் போகவில்லை. "புள்ள இல்லாதவ. புருசன் இன்னொருத்திய கட்டிக்குவானோன்னு பயந்து சோத்துல மருந்து வச்சிட்டா" என்றான். இடுமருந்து என்பது புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றில் கலந்து கொடுப்பதாக நம் ஜனங்கள் நம்புகிற சமாச்சாரம். வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டு ஆளின் புத்தியை மழுக்கிவிடுமாம். ஆம்பளைக்குப் புத்தி மழுங்கினால் அதற்கு ஒரு பொம்பளைதான் காரணமாக இருக்கவேண்டும் என்பதில் நம்மவர்களுக்கு எப்போதுமே சந்தேகம் வந்ததில்லை.

தம்பின் டவுன் பக்கத்திலிருந்து மருந்து எடுக்கிறவன் ஒருவனை வரவழைத்தார்கள். அவன் நல்லசாமியின் வயிற்றில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சி, தண்ணீர் நிறைந்த தட்டில் துப்பினான். தட்டில் கருப்பாக ஒரு மயிர்ச் சுருள் மிதந்தது.

"பொம்பள முடி. நீளமா இருக்கு பாருங்க" என்றான்.

பஞ்சாலைக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. தோட்டத்தில் அவ்வளவு முடி வேறு யாருக்கும் கிடையாது. பூசை என்று போலீசிடம் சொல்லிவிட்டு மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடினார்கள். தலைவர் இராஜமாணிக்கம், பக்கத்தில் மாயாண்டி, சுற்றிலும் அவனோடு சிரம்பானுக்குப் போய் வந்த பழைய இளவட்டங்கள், இப்போது மீசை நரைத்துப் பெரிய மனிதர்களாக.

"அம்மா மேல சத்தியமா நான் எதையும் வக்கல. நான் ஏன் மாமா வக்கிறேன்? அவரு என்னைய ஒரு வார்த்த சொன்னதில்லயே" என்று பஞ்சாலை மாயாண்டியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வச்சவ வச்சேன்னா சொல்லுவா?" என்றான் மாயாண்டி. "முடிதான் சாட்சி. அந்த முடி இருந்தாத்தானே மறுபடியும் வப்பா? அறுத்துப் போடு."

ஏழை சொல் அம்பலம் ஏறாது. அப்பனும் அண்ணன் தம்பியும் இல்லாத ஏழை சொல் அம்பலத்துப் படியைக்கூடத் தொடாது. அறுத்தவள் மாயாண்டியின் பெண்டாட்டி ராக்கம்மா. மூத்த ஓரகத்தி முறை, கை அவளுடையதாக இருக்கவேண்டுமாம். ஆட்டுக்கு மயிர் வெட்டுவதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுத்தாள். நல்லசாமி அதைப் பார்த்துக் கை தட்டினான். இனி அவனுக்கு மாயாண்டி வீட்டில்தான் சாப்பாடு, பஞ்சாலை அவனுக்கு உலை வைக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

கை தட்டியதற்காக அவள் புருஷன்மேல் கோபப்படவில்லை. கோபம் முழுவதையும் மாயாண்டிக்கென்று எடுத்து வைத்தாள். இந்த ஊர் நடுவில், இதே இடத்தில், 'பஞ்சாலை மருந்து வைக்கவில்லை' என்று அவன் வாயால் சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. அதைக் கேட்காமல் இந்தத் தோட்டத்தைவிட்டுப் போவதில்லை, சாவதும் இல்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

ராக்கம்மா சமைத்துப் போட்டாள். நல்லசாமிக்குப் புத்தி திரும்பியதா? இன்னும் மோசமானான். "மருந்து ஆழமா எறங்கிடுச்சி" என்றார்கள். தாங்களே எழுதிய கணக்குத் தப்பாகப் போனால் விடையைத் திருத்துகிற புத்திசாலிகள்.

ஒரு காலையில் அவன் பால் வாளிக்குள் சோற்றைக் கொட்டி எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். போலீஸ்காரன் மூடியைத் திறந்து பார்த்து, யாருக்கு என்று மலாயில் கேட்டான். நல்லசாமி நெஞ்சை நிமிர்த்தி, "என் பட்டாளத்துக்கு. காட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க" என்றான். அந்தக் காலத்தில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அதில் பாதி வார்த்தை போதும். விலங்கு மாட்டி ஏற்றிவிட்டார்கள். மாயாண்டி கேட்டுப் பக்கமே வரவில்லை. தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் திருநாவுக்கரசுதான், "இந்த ஆளுக்கு மூளை சரியில்ல சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார். பட்டாளத்தில் எத்தனை பேர் என்று இன்ஸ்பெக்டர் விசாரித்ததற்கு நல்லசாமி லட்சக் கணக்கில் சொல்லி, அவரையும் தளபதியாக நியமித்தான். அதன் பிறகு சிறைக்கு அனுப்பவில்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் ரத்தம் எடுத்தார்கள். முதுகுத் தண்டிலிருந்தும் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் பஞ்சாலையை உட்காரவைத்துச் சொன்னதைத் திருநாவுக்கரசு தமிழில் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இது பொம்பளைங்க சகவாசத்துல வர்ற நோய்ம்மா. கலியாணத்துக்கு முன்னாடியே வந்துருக்கு. மொதல்ல சின்னதா ஒரு புண்ணு வரும், தானா ஆறிடும். ஆளு மறந்துடுவான். நோய் மறக்காது. வருசக் கணக்கா ரத்தத்துலயே கெடக்கும். கெடக்கிற எல்லாருக்கும் ஒண்ணும் செய்யாது. சில பேருக்கு மூளைக்கு ஏறிடும். ஏறுனா பேரு மறக்கும், வழி மறக்கும், நாக்கு கொளறும், நான்தான் ராஜாம்பான், காதுல யாரோ பேசுவாங்க. இவருக்கு அந்த அடையாளம் ரத்தத்துலயும் இருக்கு, முதுகுத் தண்ணியிலயும் இருக்கு."

டாக்டர் ஒரு டார்ச் லைட்டை நல்லசாமியின் கண்ணில் அடித்துக் காட்டினார். வெளிச்சம் பட்டால் கருமணி சுருங்கவேண்டும், சுருங்கவில்லை. ஒரு கண்ணின் கருமணி கடுகளவு, மற்றது மிளகளவு. கை விரல்களை நீட்டச் சொன்னார். நடுங்கின. உதடும் நடுங்கியது.

பஞ்சாலையின் ரத்தத்தையும் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. அதைக் கேட்டதும் அவள் அழுதுவிட்டாள். நோய் இல்லை என்ற சந்தோஷம் கொஞ்சம்தான். தன் உடம்புக்குள் ஓடுகிற ரத்தம் தனக்காகச் சாட்சி சொல்லிவிட்டது என்ற சந்தோஷம்தான் பெரிது. முடியைச் சாட்சி என்றானே அந்தப் பாவி! இதோ ரத்தம் சாட்சி.

"பென்சிலின் ஊசி போடுறாங்க" என்றார் திருநாவுக்கரசு. "நோய் நிக்கும். போன புத்தி வராது. ஆரம்பத்துலயே, கை நடுங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. இன்னொண்ணும்மா. அந்தக் காலத்துல இவரோட கூடப் போனவங்க யாராச்சும் இருந்தா ரத்தத்தப் பாத்துக்கச் சொல்லச் சொல்றாரு. ஆம்பளைங்ககிட்ட நானா போயி கேட்டா அடிக்க வருவானுங்க. நீ சொந்தக்காரி, பக்குவமா சொல்லிடு."

அவள் சொல்லத்தான் நினைத்தாள். அதை இங்கே எழுதிவைக்கவேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்தவனாவேன். தோட்டத்துக்குத் திரும்பியதும் நேரே மாயாண்டி வீட்டுக்குப் போனாள். ராக்கம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வாசலில் நின்றபடியே, நோய் என்ன, எங்கிருந்து வந்தது என்று சொன்னாள்.

"நான் மருந்து வக்கலன்னு ரத்தம் சொல்லிடுச்சி மாமா. அத ஊரக் கூட்டி ஒரு வார்த்த சொல்லிடுங்க. அதுக்கப்புறம் ஒங்ககிட்ட நான் இன்னொரு சேதி சொல்லணும்."

மாயாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். "சீக்கு புடிச்சவன்னு என் தம்பிய ஊர் நடுவுல சொல்லச் சொல்றியா? நீ அந்தச் சீக்கப் பத்தி வாயத் தொற, அத அவனுக்குக் குடுத்ததே நீதான்னு நான் சொல்றேன். யாரு பேச்சு எடுபடும்னு பாப்பமா? மொட்டச்சி, போடி."

சொல்லவந்த இன்னொரு சேதி அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதை அப்படியே விழுங்கினாள். விழுங்கியது உள்ளே போய்க் கல்லாக உட்கார்ந்தது.

நல்லசாமியைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போய் அவள் இரண்டு முறை பார்த்தாள். முதல் முறை அவளுக்கு ஒரு தோட்டம் எழுதிவைப்பதாகச் சொன்னான். இரண்டாவது முறை அவளைத் தெரியவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோன செய்தி வந்தது. அவித்த கிழங்கை அதன் பிறகு அவள் வாயில் வைத்ததில்லை.

முடி மறுபடி வளர்ந்தது. வளர வளர அவள் அதைக் கழுத்தோடு வெட்டிவிட்டுக்கொண்டாள். ஊர் பார்க்கட்டும் என்றுதான். "எந்தக் காலத்துக் கோவம் இது, வுட்டுடேன்" என்று யாராவது சொன்னால், "ஒன் முடிய அறுத்துட்டு வந்து சொல்லு, வுட்டுடறேன்" என்பாள். யாரும் இரண்டாவது முறை புத்தி சொல்ல வந்ததில்லை.

வருஷங்கள் போயின. காட்டுச் சண்டை அடங்கிக்கொண்டு வந்தது, கம்பிவேலி மட்டும் போகவில்லை. ஒரு பொங்கல் சமயத்தில் பிரட்டுக் களத்தில் மாயாண்டி பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். எதிரே நின்றவன் பேர் வரவில்லை. இருபது வருஷமாக அதட்டிய பேர். சிரித்து மழுப்பினான். முதல் வரிசையில் நின்ற பஞ்சாலை அவன் கையைப் பார்த்தாள். பிடித்திருந்த பென்சில் நடுங்கிக்கொண்டிருந்தது. உதடு நடுங்கியது. மெல்ல நிமிர்ந்து கண்ணைப் பார்த்தாள். ஒன்று கடுகு, ஒன்று மிளகு.

அன்றைக்கு அவள் மரம் சீவும்போது பாடினாள். பொய் எதற்கு, அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மாரியம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று தேங்காய் வாங்கி உடைத்தாள். கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? இப்போது அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஊசி போட்டு நிறுத்திவிடுவார்கள். அது தெரிந்தவர்கள் தோட்டத்தில் இரண்டு பேர். டிரஸ்ஸர் மருந்தறையில் இருப்பவர், மண்டோரின் கையை அவர் பார்ப்பதில்லை. பாக்கி அவள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு காலையும் முதல் வரிசையில் போய் நின்று, அவன் எவ்வளவு தேய்ந்திருக்கிறான் என்று பார்த்தாள். மாயாண்டி தன் சட்டையைக் கூலிக்காரர்களுக்குக் கழற்றிக் கொடுத்தான். லுக்குட் கடைத்தெருவில் நின்றுகொண்டு எல்லாக் கடையும் தன்னுடையது என்றான். தொரை அவனை மண்டோர் வேலையிலிருந்து எடுத்தபோது, தனக்குக் கவர்னர் வேலை வந்திருப்பதாக எல்லாரிடமும் சொன்னான்.

ஒரு சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் ராக்கம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். முடி அறுத்த நாளிலிருந்து இருவரும் பேசியதில்லை.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரருக்கு மொதமொதல்ல எப்படி ஆரம்பிச்சிச்சி? இவரு கையெல்லாம் நடுங்குதுடி. ஆஸ்பத்திரியில என்னமோ சொன்னாங்கன்னு கேள்விப்பட்டேன். என்ன சொன்னாங்க?"

பஞ்சாலை வாளி நிரம்பும்வரை அவள் முகத்தையே பார்த்தாள். கத்திரியைப் பிடித்திருந்த கையை வெறுப்பதா, இப்போது குடத்தைப் பிடித்து நிற்கிற கைக்கு இரங்குவதா? வெறுப்பு ஜெயித்தது.

"மறந்து போச்சிக்கா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் மாயாண்டி லயத்து வாசலில் துணியில்லாமல் உட்காரத் தொடங்கினான். அவனுடைய அக்கா மாரியம்மா லுக்குட்டிலிருந்து வந்திறங்கினாள். வந்தவள் தம்பியைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள், அரை நாழிகையில் நோயைக் கண்டுபிடித்தாள். "டவுனு பொம்பளைங்ககிட்ட போறாருன்னு இவ மருந்து வச்சிட்டா!" மருந்து எடுக்கிற தம்பின்காரன் மறுபடி வந்தான். குழாய் வைத்தான், உறிஞ்சினான், துப்பினான். தட்டில் மயிர்ச் சுருள். கோயில் முன்னால் ராக்கம்மா உட்கார்ந்தாள். அவளுக்கும் பேச ஆளில்லை. பேசவேண்டிய ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் தின்றுகொண்டிருந்தான். மாரியம்மா கத்திரியை எடுத்தாள்.

பஞ்சாலை இதைப் பார்க்க முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தாள். தித்திப்பாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தாள். ஆனால் கத்திரியைப் பார்த்ததும் ஒன்று உறைத்தது. இன்றைக்கு ராக்கம்மா மருந்து வைத்தவள் என்று ஆகிவிட்டால், அன்றைக்குப் பஞ்சாலை வைத்ததும் நிஜம் என்று இரண்டாவது முறையாக முத்திரை விழும். எழுந்தாள். இரக்கத்தில் எழுந்தாள் என்று யாராவது சொன்னால் அவளுக்கே கோபம் வரும்.

"கத்திரிய கீழ வையி. எனக்கு அறுத்தீங்களே, என் புருசனுக்குப் புத்தி வந்துச்சா? இவ சமைச்சிப் போட்டாளே, வந்துச்சா? அவருக்கு இருந்தது ரத்தத்துல. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தத்த எடுத்துப் பாத்துச் சொன்னாங்க. டிரஸ்ஸரு அங்கதான் நிக்கிறாரு, கேளுங்க. சம்பளத்து ஞாயித்துக்கெழம சிரம்பான்ல மாடி ஏறுனப்ப வாங்கிட்டு வந்த சீக்கு அது. கூட்டிட்டுப் போனவரு இந்தா ஒக்காந்திருக்காரு. இவரு ரத்தத்தயும் எடுங்க. எடுத்துப் பாத்துட்டு அப்புறம் அறுங்க."

மாரியம்மா குதித்தாள். "என் தம்பிக்குச் சீக்கா? நாக்கு அழுகிடும்டி!"

"இருக்கா இல்லையான்னு ரத்தம் சொல்லட்டும். இன்னொண்ணும் சொல்றேன்" என்று பஞ்சாலை பஞ்சாயத்துப் பக்கம் திரும்பினாள். "இவரு தனியா போகல. கூட மாடி ஏறுனவங்க எல்லாம் ரத்தம் குடுத்துட்டு வந்து ஒக்காந்து தீர்ப்பு சொல்லுங்க. சித்தப்பா, நீங்களும்தான் போனீங்களாமே?"

இராஜமாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். மீசைக்காரர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், இவர்களுக்கு வேட்டிக்குள்ளேயே பயம். பெண்கள் பக்கம் சலசலப்பு. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். டிரஸ்ஸரிடம் கேட்டார்கள். "பாக்காம எதயும் சொல்ல முடியாது. கூட்டிட்டுப் போலாம்லா, நான் வரேன்" என்றார் திருநாவுக்கரசு. கத்திரி கீழே வந்தது. தம்பின்காரன் சந்தடியில்லாமல் குழாயைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டைக் கடந்தான்.

மாயாண்டியை லாரியில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். ராக்கம்மாவும் போனாள். அதற்கடுத்த நாட்களில் மருந்தறைக்குப் பின்வாசல் வழியாக, பல்வலி, வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு, மீசைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் ரத்தம் கொடுத்தார்கள். பஞ்சாலை எதிரே கல்லில் உட்கார்ந்து, போகிறவனையும் வருகிறவனையும் பேர் சொல்லி நலம் விசாரித்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ந்த நாட்கள் அதிகம் கிடையாது.

ஊர் மறுபடி கூடியது. திருநாவுக்கரசு நாகரிகமானவர், நோயின் பேரைச் சொல்லவில்லை. "ரத்தத்துல நோய் இருக்கு. நல்லசாமிக்கு இருந்த அதே நோய். சோத்துல யாரும் எதயும் வக்கல" என்று மட்டும் சொன்னார். ராக்கம்மாவின் ரத்தத்திலும் அடையாளம் இருந்தது. அவளுக்கு ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள், மூளைக்கு ஏறவில்லை. இதை அவர் வெளியே சொல்லவில்லை. பஞ்சாலையிடம் தனியாகச் சொன்னார்.

இராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "ஏதோ அறியாம நடந்து போச்சி. பஞ்சால மேல குத்தம் இல்லன்னு பஞ்சாயத்து சொல்லுது."

"நீங்க சொன்னா பத்தாது" என்றாள் பஞ்சாலை. "சொன்ன வாய் சொல்லணும்."

மாயாண்டி நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை போட்டு, தலை வாரி விட்டிருந்தார்கள். எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் எதிரே போய் நின்றாள். இத்தனை வருஷமும் மனசுக்குள் நடத்திப் பார்த்த காட்சி. அதில் அவன் தலை குனிவான், குரல் தழுதழுக்கும், வார்த்தை ஒவ்வொன்றும் அவன் தொண்டையை அறுத்துக்கொண்டு வரும்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம? வாங்க, வாங்க. ஒங்களுக்கு ரெண்டு எஸ்டேட்டு எழுதி வச்சிட்டேன்."

"பஞ்சால மருந்து வக்கலன்னு சொல்லுங்க."

"பஞ்சால மருந்து வக்கல" என்றான் மாயாண்டி, பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல. கணீரென்ற அந்தப் பழைய மண்டோர் குரல். களம் முழுவதும் கேட்டது. பஞ்சாலைக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"தம்பி," என்று பின்னாலிருந்து மாரியம்மாவின் குரல் வந்தது. குடும்பத்துக்கு வந்த அவமானம் அவளால் தாங்க முடியவில்லை. "பஞ்சால மருந்து வச்சான்னு சொல்லுடா."

"பஞ்சால மருந்து வச்சா" என்றான் மாயாண்டி. அதே குரல், அதே சிரிப்பு. சொல்லிவிட்டு, அடுத்து யார் என்ன சொல்லச் சொல்வார்கள் என்று ஆவலாக இரண்டு பக்கமும் பார்த்தான்.

யாரோ ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் அவனை அடக்கினார்கள். பஞ்சாலை கண்ணைத் திறந்தபோது எதிரே ராக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். கை நடுங்கத் தொடங்கியபோதே கொண்டுவந்திருந்தால் இந்த ஆள் ஆளாகவே இருந்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அவளும் கேட்டுவிட்டு வந்திருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் கேட்டதும், கிடைத்த பதிலும் அவள் முகத்தில் இருந்தன. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாயைக் கெடுத்தது யார் என்று அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவர்கள் இருவருக்குத்தான் தெரியும்.